முப்பத்திரண்டு பேர் விசாரித்த கம்பனி

வங்கித் தகவல் பரப்பல் அதிகாரசபை தன்னுடைய திறந்த இணையத்தளத்தைத் தொடங்கியபோது, அதை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பார்க்கலாம் என்று அறிவித்தது. அது உண்மைதான். டொரொன்டோவில் இருப்பவர் போர்வைக்குள் கிடந்தபடியே பார்க்கலாம். நுவரெலியாவில் இருப்பவர் மட்டும் லீக்ஸ் மரக்கறி மொத்தக் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறி, மாடியில் இருந்த அதிகாரசபையின் தகவல் நிலையத்தில், காலை ஒன்பதரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை தவிர்த்து, பார்க்க வேண்டும்.

நாட்டிலுள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகள் அத்தனையின் விபரங்களும் ஆண்டறிக்கைகளும் அந்தத் தளத்தில் இருந்தன. மாடிக் கதவில் இரண்டு பலகைகள் தொங்கின. மேலே உள்ளதில் ‘பொதுமக்களுக்குத் திறந்தது’ என்றிருந்தது. கீழே உள்ளதில் ‘அனுமதி பெற்ற பொதுமக்கள் மட்டும்’ என்றிருந்தது. கதவு எப்போதும் மூடியிருந்தது. அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, குளிர்தான்.

இந்தப் படியில் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏறியவர் சோலைமலை. ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி மூடித் திறந்தால் இன்னும் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று சொல்லிவிடுவார். காசை அப்படிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வாய்த்ததில்லை, ஏனென்றால் காசு அவர் கையில் அவ்வளவு நேரம் நின்றதில்லை. இப்போது முதல் தடவையாக நின்றது. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வந்திருந்தது.

அது வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. அவரும் அவர் மனைவி பூரணியும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் இல்லாதவர்கள் ஆகிவிட்டதால், சித்திரை வருடப் பிறப்புக்குள் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவை விட்டுத் தர வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் கடிதம் கொடுத்தது. ராகலை டவுனுக்கு வெளியே, மரக்கறி லொறி வைத்திருக்கும் மாயாண்டிக்குப் பத்துப் பேர்ச் நிலம் இருந்தது. விலை நாலு லட்சம். கையில் மூன்று நாற்பது. குறைவது அறுபதாயிரம்.

அந்த அறுபதாயிரத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான் சின்னராசா. அதே தோட்டத்தில் பிறந்து, இப்போது கழுத்தில் டை கட்டி, ‘தங்கத்தளிர் முதலீட்டுக் கம்பனி’யின் பிரதேச முகாமையாளர் என்று அட்டை அடித்து வைத்திருந்தவன்.

“மாமா, நூத்துக்கு மூணு. மாசா மாசம். மூணு நாப்பதுக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.”

சோலைமலை விரலில் போட்டார். “பத்தாயிரத்தி எரநூறு.”

“ஆறு மாசத்துக்கு?”

“அறுவத்தோராயிரத்தி எரநூறு.”

“அப்புறம் என்னா? மாயாண்டி மாமாவுக்கு நாலு லெச்சம் குடுத்தது போக ஆயிரத்தி எரநூறு மிச்சம். உறுதி எழுதுற அன்னைக்கு டீ, கெழங்கு பணிஸ் எல்லாம் அதுலயே முடிஞ்சிரும். ஆனா மாமா, இந்த ரேட்டு செப்டம்பர் முப்பதோட சரி. ஒண்ணாந் தேதியிலருந்து ரெண்டேதான்.”

அடுப்படியிலிருந்து பூரணி வெளியே வந்தாள். “தம்பி, மரக்கறிக் கடையில ஒரு கோவா வாங்கையிலேயே தூக்கி, திருப்பி, அடிய பாத்துட்டுத்தான் வாங்குறேன். மூணு நாப்பத திருப்பிப் பாக்காம குடுக்கச் சொல்றியா? இந்தக் கம்பனிக்கு லைசன் இருக்கா?”

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அத்த. நுவரெலியாவுல அரசாங்கமே தொறந்து வச்சிருக்கு. யாரு வேணுன்னாலும் போய்ப் பாக்கலாம்.”

சின்னராசா இதை மிகவும் தைரியமாகச் சொன்னான். அவன் அந்தப் படியில் ஒரு தடவை ஏறிப் பார்த்திருந்தான்.

*

தகவல் நிலையத்தின் பொறுப்பாளர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டுக்கு மேல் மஃப்ளரும், மஃப்ளருக்கு மேல் அடையாள அட்டையும் அணிந்திருந்தார். நேர்மையானவர், உத்தியோகத்தில் ஒரு பேப்பர் கிளிப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதவர். தளத்தில் இருப்பது எல்லாம் உண்மை என்றும், தளத்தில் இல்லாதது இன்னும் உண்மையாகவில்லை என்றும் மனதார நம்பியவர்.

“என்ன அலுவலாய் வந்தனீங்கள்?”

“ஒரு கம்பனிய பாக்கணுங்க.”

“ஆர் பாக்கிறது?”

“நான்தாங்க. சோலைமலை.”

“பேரைக் கேக்கேல்லை. எந்த வகுதி? வங்கியோ, அரச திணைக்களமோ, பத்திரிகையோ, பொதுமக்களோ?”

சோலைமலை யோசித்தார். “தோட்டங்க.”

“அப்பிடியொரு வகுதி இல்லை.” சிவபாதம் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். இந்த மனிதர் எங்காவது அடங்கிவிட வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. “உங்களைப் பொதுமக்களுக்கை போடலாம். ஆனால் நீங்கள் பொதுமக்கள் எண்டதுக்கு அத்தாட்சி வேணும். கிராம சேவகரிட்டையும் தோட்டத்து ஆபீஸிலையும் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“அது எதுக்குங்க?”

“இல்லாட்டி வங்கிக்காரர் ஆரும் பொதுமக்கள் மாதிரி சாரம் கட்டிக்கொண்டு வந்து பாத்திட்டுப் போயிடுவினம்.”

“அவங்க பாத்தா என்னாங்க?”

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது திறந்த தளம், ஐயா. கண்டபடி பாக்கேலாது.”

சோலைமலை திரும்பிப் போனார். கிராம சேவகர் இருபத்திரண்டு வருடச் சேவையில் ‘இங்கே வசிக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று கொடுத்திருக்கிறார், ‘இறந்துவிட்டார்’ என்றுகூடக் கொடுத்திருக்கிறார். பொதுமக்கள் என்று எவரும் கேட்டதில்லை. பேனாவைக் கடித்து யோசித்துக் கடைசியில் எழுதினார்: ‘மேற்படி நபர் எனக்குத் தெரிந்தவரை பொதுமக்களில் ஒருவர். இதற்கு முன்னரும் அவ்வாறே இருந்துள்ளார்.’ தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் அதன் கீழே, ‘ஓய்வு பெற்ற நாளிலிருந்து’ என்று சேர்த்து இறப்பர் முத்திரை குத்தினார்.

*

இரண்டாவது தடவை அவரை உள்ளே விட்டார்கள். ஒரே ஒரு கணினி. அதன் முன்னால் கஜனி என்ற இளம் பெண், கைவிரல் வெட்டிய கையுறையுடன் உட்கார்ந்திருந்தாள். கணினிக்கும் தொலைபேசிக்கும் ஒரே இணைப்பு. தொலைபேசி மணி அடித்தால் தளம் அறுந்துவிடும். அதைத் திரும்பப் பிடிக்க இருபது நிமிடம் வேண்டும். கொழும்புத் தலைமையகம் மிகவும் அக்கறையுள்ளதாகையால், தளம் தடையின்றி இயங்குகிறதா என்று அரை மணிக்கு ஒரு தடவை தொலைபேசியில் கேட்டது.

“ஓம் சேர், இப்ப வரைக்கும் இயங்கினது,” என்று சிவபாதம் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னார்.

இடையில் கிடைத்த பத்து நிமிடத்தில், சோலைமலையின் பொது அறிவுக்காக, ஒரு பெரிய வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து காட்டினார்கள். இருநூற்றுப் பதினாறு பக்கம், ஆங்கிலம். அட்டைப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழே இறங்கி வந்தது. முதலில் மேகம், பிறகு மலை, பிறகு ஒரு பெண்ணின் தலை, பிறகு சிரிப்பு, பிறகு கொழுந்துக் கூடை.

“பாத்தீங்களோ, வங்கி அறிக்கையிலை உங்கடை ஆக்கள்தான் முன்னுக்கு நிக்கினம்,” என்றார் சிவபாதம்.

“உள்ளுக்குள்ள எங்காளுக பத்தி என்னா போட்டிருக்குங்க?”

கஜனி தேடினாள். “நூற்று நாற்பதாம் பக்கத்திலை ஒரு வரி இருக்கு ஐயா. அட்டைப் படம் எடுத்தவருக்கு நன்றி.”

பிறகு தங்கத்தளிரைத் தட்டினார்கள். திரை வெள்ளையாகி, மணல் கடிகாரம் ஒன்று சுற்றி, கடைசியில் இரண்டு சொல் வந்தது: பதிவு இல்லை.

சோலைமலை திரையை எட்டிப் பார்த்தார். “அப்ப இது லைசன் இல்லாத கம்பனிங்களா?”

“அப்பிடிச் சொல்லேலாது. பதிவு இல்லை எண்டுதான் சொல்லலாம்.”

“அப்ப காச போடக் கூடாதுங்களா?”

“அப்பிடியும் சொல்லேலாது. போடலாம் எண்டும் சொல்லேலாது. நாங்கள் அபிப்பிராயம் சொல்லுற ஆக்கள் இல்லை, தகவல் குடுக்கிற ஆக்கள்.”

“தகவல் என்னாங்க?”

“தகவல் இல்லை எண்டதுதான் தகவல்.”

சோலைமலைக்கு அது போதுமாக இருந்தது. நன்றி சொல்லி எழுந்தவர், வாசலில் நின்று தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நீளமான துண்டுக் காகிதத்தை எடுத்தார். மலையில் ஒருவர் டவுனுக்குப் போனால் லயம் முழுவதும் அவரோடு போகும். ஒருவருக்கு இருமல் மருந்து, ஒருவருக்கு மூக்குக் கண்ணாடிக்கு ஆணி, ஒருவருக்கு லொத்தர் சீட்டு. இந்தத் தடவை கூடவே முப்பத்தொரு பேர், ‘அந்தத் தங்கத்தளிர எங்களுக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க’ என்று பேர் கொடுத்திருந்தார்கள். சின்னராசா அந்த வாரம் நிறையப் பெட்ரோல் செலவழித்திருந்தான்.

“இவங்களுக்கும் நான் போய் இதையே சொல்லிருவேங்க,” என்றார்.

சிவபாதம் திடுக்கிட்டு எழுந்தார். “அது பெரிய பிழை, ஐயா! உங்களுக்குக் குடுத்த தகவல் உங்கடை சொந்தப் பாவனைக்கு. அதை நீங்கள் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சால் பிறகு இந்த நிலையம் எதுக்கு? முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு அத்தாட்சி, முப்பத்தொரு படிவம் தரவேணும். தனித் தனியாய்த் தேடித்தான் தருவம்.”

வேறு ஒருவராக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போய் லயத்து வாசலில் நின்று உரக்கச் சொல்லியிருப்பார். சோலைமலை முப்பத்து நான்கு வருடம் பெரட்டில் பதில் சொன்னவர். அடுத்த கிழமை கோதுமை மாவுப் பை ஒன்றில் முப்பத்தொரு கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். கிராம சேவகரின் கையெழுத்து பத்தாவது கடிதத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, கடைசிக் கடிதத்தில் ஒரு புள்ளியாகியிருந்தது.

கஜனி ஒரே பேரை முப்பத்தொரு தடவை தட்டினாள். முப்பத்தொரு தடவையும் பதிவு இல்லை. இதற்கு மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் சோலைமலை ராகலையிலிருந்து பஸ்ஸில் வந்து போனார். பூரணி அவருக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

“வேல பாத்த காலத்துலகூட இப்பிடி நேரத்துக்குப் போனதில்ல,” என்றாள்.

*

ஆக, லயத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். கம்பனி இல்லை, எனவே கவலையும் இல்லை. அந்த நிம்மதி ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் தோட்டத்து ஆபீஸுக்கு முப்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

‘தாங்கள் காட்டிய பேரார்வத்தைக் கருத்திற்கொண்டு, தாங்கள் தேடிய நிறுவனம் தற்போது எமது தளத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம்.’

சோலைமலை அன்றைக்கே பஸ் ஏறினார். சிவபாதம் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவர் முகத்தில் இதுவரை காணாத ஒளி.

“வாங்கோ, வாங்கோ! உங்களாலை இந்த நிலையத்துக்கே பேர். கஜனி, ஐயாவுக்குக் காட்டுங்கோ பிள்ளை.”

திரையில் தங்கத்தளிர் இருந்தது. தங்க எழுத்தில். பக்கத்தில் நாலு நட்சத்திரம். அதற்குக் கீழே: ‘பொதுமக்கள் அக்கறைச் சுட்டி: மாவட்டத்தில் முதலாம் இடம்.’

“இது எப்பிடிங்க வந்திச்சு? அன்னைக்கு இல்லைன்னீங்களே?”

“அண்டைக்கு இல்லைத்தான். ஆனால் தளத்திலை இல்லாத ஒரு பேரை இருபத்தைஞ்சு பேருக்கு மேலை தேடினால், பொதுமக்களுக்குத் தேவைப்படுகிற நிறுவனம் எண்டு கணினியே எடுத்துச் சேர்த்துவிடும். பொதுமக்கள் தேடி வந்து வெறுங்கையோடை போகக் கூடாது, பாருங்கோ. ஆக்களைப் பார்த்துச் செய்யிற அமைப்பு இது.”

“நட்சத்திரங்க?”

“எட்டுப் பேருக்கு ஒரு நட்சத்திரம்.”

சோலைமலை திரைக்குக் கிட்டப் போனார். “கீழ ‘அறிக்கை’ன்னு ஒண்ணு போட்டிருக்கே. அதுல கம்பனியப் பத்தி இருக்குங்களா?”

கஜனி திறந்தாள். அறிக்கை ஒரு வரியில் இருந்தது: ‘இந்நிறுவனம் பற்றிப் பொதுமக்களில் முப்பத்திரண்டு பேர் ஆர்வத்துடன் விசாரித்துள்ளனர்.’

“ஐயா, அந்த முப்பத்திரெண்டு பேரு நாங்கதாங்க!”

“அதை நீங்கள் சொல்லக் கூடாது,” என்றார் சிவபாதம் மென்மையாக. “புள்ளிவிபரம் எண்டால் அது ஆரெண்டு தெரியாமல் இருக்கவேணும்.”

“நாங்க ஆசப்பட்டுக் கேக்கலீங்க. களவாணிக் கம்பனியோன்னு பயந்துல்ல கேட்டோம்!”

கஜனி திரும்பிப் பார்த்தாள். படிவத்தை எடுத்து வாசித்தாள். “சேர், விசாரிச்ச காரணம் எழுத இதிலை இடம் இல்லைத்தானே. ஆர்வம் எண்ட ஒரு பெட்டிதான் இருக்கு.”

“அதுதானே,” என்றார் சிவபாதம். “பயம் எண்ட பெட்டி வைச்சால் பொதுமக்கள் பயந்து போவினம்.”

*

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. சின்னராசா அந்தத் திரையை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ராகலை பஸ் நிலையத்தில் தொங்கவிட்டான். அதிகாரசபையும் தன் பங்குக்குப் பணிப்பாளர் நாயகம் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழைக் கம்பனிக்கு அனுப்பியது. முதலாம் இடம் பெற்ற நிறுவனங்களுக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. முதலாம் இடம் எதில் என்று சுற்றறிக்கை கேட்கவில்லை.

நுவரெலியா பிரதான வீதியில் தங்கத்தளிரின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தச் சான்றிதழ் மாலையோடு நின்றது. பார்த்தவர்கள் உள்ளே போனார்கள். உள்ளே போகுமுன் சந்தேகப்பட்டவர்கள், புத்திசாலிகள், மாடிப் படியேறித் தளத்தில் தேடினார்கள். அதனால் சுட்டி இன்னும் உயர்ந்தது.

பூரணிகூட ஆடிப்போனாள். “நீங்கதான் அரசாங்கக் கம்ப்யூட்டர்லயே கண்ணால பாத்துட்டு வந்தீங்களே. நாலு நட்சத்திரம்ங்கிறீங்க.”

“நாலும் நம்ம லயம்டி. ஒரு நட்சத்திரம் நம்ம வரிசையிலயே இருக்கு.”

“அதுக்காக? நம்மள நம்பாட்டி வேற யார நம்புறது? சித்திரைக்கு எங்க போய்ப் படுக்கிறது?”

சோலைமலை சித்திரைக்கு இருந்த மாதங்களை விரலில் எண்ணினார். செப்டம்பர் இருபத்தேழாம் தேதி மூன்று நாற்பதையும் வங்கியிலிருந்து எடுத்து வந்து, செய்தித்தாளில் சுற்றி, பூரணியின் துணிப் பையில் வைத்தார்கள். அடுத்த நாள் அழைப்பிதழ் வந்தது.

திறந்த தளத்தின் முதலாம் ஆண்டு நிறைவு விழா. செப்டம்பர் முப்பது, பிற்பகல் இரண்டு மணி. பணிப்பாளர் நாயகம் தலைமை. தளத்தை அதிகம் பயன்படுத்தியமைக்காக, ‘ஆண்டின் சிறந்த பொதுமகன்’ திரு. சோலைமலைக்குக் கௌரவம். நன்றியுரை, திரு. சிவபாதம்.

“நல்லதாப் போச்சு மாமா,” என்றான் சின்னராசா. “நானும் அங்கதான் இருப்பேன். மாலைய கழட்டினதும் காச குடுங்க, அங்கயே ரிசீட் போட்டுருவோம். முப்பதாந் தேதிக் கணக்குல ஏத்திடலாம்.”

*

மண்டபம் நிறைந்திருந்தது. முப்பத்தொரு பேரும் லொறியில் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சிறு காசுப் பொட்டலம். பூரணி இரண்டாம் வரிசையில், துணிப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. சின்னராசா நாலாம் வரிசையில், ரசீதுப் புத்தகத்தோடு. சிவபாதம் மேடையின் ஓரத்தில், கையில் நன்றியுரையோடு.

பணிப்பாளர் நாயகம் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கனத்த குரல், அதைவிடக் கனத்த கோப்பு.

“இந்த ஒரு வருடத்தில் எமது நுவரெலியா நிலையத்தில் நானூற்றுப் பதினெட்டுத் தேடல்கள் நடந்துள்ளன. இவற்றில் முந்நூற்று எழுபது, தளம் இயங்குகிறதா என்று எமது உத்தியோகத்தர்களே தேடியவை. மிகுதி நாற்பத்தெட்டும் பொதுமக்களுடையவை! சென்ற வருடம் தளமே இல்லாதபோது இந்த எண்ணிக்கை வெறும் பூச்சியமாக இருந்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன்.”

கைதட்டல்.

“சிலர் கேட்கிறார்கள், நல்ல நிறுவனம் எது, கெட்ட நிறுவனம் எது என்று நீங்கள் ஏன் சொல்வதில்லை என்று. அன்பர்களே, நாங்கள் ஒரு கண்ணாடி. எங்கள் முன்னால் கள்வன் வந்து நின்றால் கள்வனைக் காட்டுவோம். தலைவாரிக்கொள்ளவும் விடுவோம். ஆனால் கள்வன் என்று சொல்ல மாட்டோம். சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் எங்களுக்கு வந்துவிடாதபடி, சட்டம் எழுதும்போதே நாங்கள் மிகக் கவனமாக இருந்தோம். ஏனென்றால் அதிகாரம் வந்தால் பொறுப்பும் வந்துவிடும்.”

மீண்டும் கைதட்டல். இந்தத் தடவை மேடையிலிருந்துதான் சத்தம் அதிகம்.

பொன்னாடை போர்த்தினார்கள். சரிகைக் கரை வைத்த, நல்ல கனமான பொன்னாடை. மாலை போட்டார்கள். சட்டகம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு அறிவிப்பாளர், சிறந்த பொதுமகன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று சொல்லி ஒலிவாங்கியை அவர் கையில் திணித்தார்.

சோலைமலை கூட்டத்தைப் பார்த்தார். பூரணியின் துணிப் பையைப் பார்த்தார். கடைத்தெருவில் எந்தச் சாமானையும் விலை பேசி முடித்து, காசை எடுக்குமுன் கடைசியாக ஒன்றைக் கேட்பார்கள். அதைத்தான் அவரும் கேட்டார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. பெரிய ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. ஐயா ஒங்க காச இந்தத் தங்கத்தளிருல போட்டிருக்கீங்களா?”

பணிப்பாளர் நாயகம் சிரித்தார். சிரித்துவிட்டு, மற்றவர்களும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

“அது என் தனிப்பட்ட விடயம்.”

“ஆமாங்க. நானும் பொதுமக்கள்ல ஒருத்தனாத்தான் கேக்குறேன். கடுதாசி இருக்குங்க.” கிராம சேவகரின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“இல்லை. போடவில்லை.”

“வேற எங்கங்க போட்டிருக்கீங்க?”

“அரச வங்கியில். நிலையான வைப்பு.”

“நூத்துக்கு எவ்வளவுங்க தர்றாங்க?”

“வருடத்துக்கு ஏழரை.”

“இவங்க மாசத்துக்கு மூணுங்க. வருசத்துக்கு முப்பத்தாறு. நம்ம தளத்துல மொத எடம். நாலு நட்சத்திரம். சான்றிதழுல ஐயாதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏங்க போடல?”

பணிப்பாளர் நாயகத்தின் பொறுமை தீர்ந்தது. தனக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

“என்ன கதை இது? எனக்கு மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐயா!”

மூலையில் இருந்த ஒலிபெருக்கி ‘ஐயா’வை மட்டும் இன்னொரு தடவை சொல்லி அடங்கியது. பிறகு முப்பத்தொரு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மடியில் இருந்த பொட்டலங்களை இடுப்பில் செருகினார்கள். பூரணி பையின் வாயை முடிச்சுப் போட்டாள். சின்னராசா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்தபோது அவன் வாசலுக்குக் கிட்ட இருந்தான்.

“இப்போது நன்றியுரை,” என்றார் அறிவிப்பாளர். “திரு. சிவபாதம் அவர்கள்.”

யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை அழைத்தார். மூன்றாவது தடவை அழைத்தபோது, மேடை ஓரத்து நாற்காலியில் நாலாக மடித்த நன்றியுரை மட்டும் இருந்தது.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் சோலைமலையும் பூரணியும் அவரைப் பார்த்தார்கள். மஃப்ளர் ஒரு பக்கம் தொங்க, கையில் ஒரு ரசீதோடு, பனிமூட்டத்துக்குள் பிரதான வீதியில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரசபையில் தன் தளத்தை முழுதாக நம்பிய ஒரே அலுவலர் அவர். நட்சத்திரம் நாலாக வந்த அன்றே ஒன்றரை லட்சம் போட்டிருந்தார். தங்கத்தளிரின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். அவருடைய பணம் கிடைத்ததா என்பது பற்றித் தளத்தில் பதிவு இல்லை. கார்த்திகையில் கம்பனியின் பலகை காணாமல் போன பிறகு, காசு போட்டவர்கள் எல்லாம் மாடிப் படியேறி அதைத் தேடினார்கள் என்றும், அதனால் அது ஐந்தாவது நட்சத்திரம் பெற்றது என்றும் மட்டும் பதிவு உண்டு.

*

அன்று மாலை ராகலையில் மாயாண்டி லொறியிலிருந்து கரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். பூரணி நேரே அவர் முன்னால் போய்த் துணிப் பையை வைத்தாள்.

“அண்ணே, மூணு நாப்பது இருக்கு. இதுக்கு எவ்வளவு மண்ணு தருவீங்க?”

மாயாண்டி மூட்டையை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார். “எட்டரைப் பேர்ச் வரும்.”

சோலைமலை முன்னால் வந்தார். “வெட்டித் தருவீங்களா? பத்தும் ஒண்ணாத்தான் குடுப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!”

“யாரு சொன்னா?”

சோலைமலை யோசித்தார். யாரும் சொல்லவில்லை. “அப்ப மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்டாத்தானே. ரெண்டு மாசமா ஊரே பேசுது, சோலமல நுவரெலியாவுக்குப் போறாரு, வர்றாருன்னு. எங்கிட்ட ஒருத்தரும் வரலியே.”

“சரி, ஒம்பதா குடுத்துருங்கண்ணே,” என்றாள் பூரணி.

“எட்டரை.”

“அந்த மேட்டுப் பக்கம் வெறும் கல்லு. அதையும் கணக்குல சேப்பீங்களா?”

“கல்லுன்னா அத்திவாரத்துக்கு ஆச்சு. அதுக்குத் தனியா காசு கேக்கணும் நானு.”

மூட்டை முழுவதும் இறங்கி, லொறி கழுவி, கடையில் மூன்று தேத்தண்ணி குடித்து முடியும் வரை அரைப் பேர்ச்சுக்காகப் பேசினார்கள். மாயாண்டியின் மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தது. அவருடைய பார்வை சோலைமலையின் தோளில் இன்னும் கிடந்த பொன்னாடையிலேயே அடிக்கடி போய் நின்றது.

“இந்தச் சரிகை அசலா?” என்று தொட்டுப் பார்த்தார்.

“அரசாங்கம் போட்டதுண்ணே,” என்றாள் பூரணி. புருஷன் தோளிலிருந்து அதை உருவி, உதறி, கரை வெளியே தெரியும்படி மடித்தாள். “தூக்கித் திருப்பிப் பாத்துக்கங்க. அப்புறம் ஒம்பதுன்னு எழுதுங்க.”

மாயாண்டி தூக்கினார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்பது என்று எழுதினார்.